வலது நிலையில் பித்தளை டப்பா

அந்த எலுமிச்சம்பழத்தை அப்படியே ஸ்டூல் மேல வச்சுடுங்க. என் கையில குடுக்காதீங்க, நான் வாங்க மாட்டேன். செருப்பை ஏன் கீழயே கழட்டிட்டு வந்தீங்க, இந்த வெயில்ல மாடிப்படி கொதிக்குமே. உட்காருங்க. தரையில இல்லைங்க, நாற்காலில. சாமின்னு கூப்பிடாதீங்க. என் பேரு ரூபன். பாரிமுனையில ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். துறைமுகத்துல வந்து இறங்கற சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போடற வேலை. மந்திரம் போடற வேலை இல்லை.

நீங்க தேசிங்குதானே? பக்கத்துத் தெருவுல தண்ணி கேன் போடறவர். எனக்கே ரெண்டு மூணு தடவை போட்டிருக்கீங்க. கேனை வாசல்ல வச்சுட்டு பெல்கூட அடிக்காம ஓடிடுவீங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது.

பொண்ணுக்கு எத்தனை நாளா ஜுரம்? ஏழு நாளா? டாக்டர் என்ன சொன்னார்? இன்னிக்கே பெட்ல சேத்துடுங்க, வீட்டுல வச்சிருக்காதீங்கன்னு... எப்ப சொன்னார்? நேத்து சாயங்காலமா! இப்ப மணி பதினொண்ணு ஆகுது. நேத்து சாயங்காலம் சொன்னதுக்கு இன்னிக்குக் காலையில எலுமிச்சம்பழத்தைத் தூக்கிட்டு இங்க வந்து நிக்கறீங்க.

இருங்க. ஒரு நிமிஷம். போன்ல ஆட்டோ புக் பண்றேன். இதோ பாருங்க, பதினாலு நிமிஷம் காட்டுது. சனிக்கிழமை, மேம்பாலத்துல நெரிசல். வரட்டும். உங்க தெரு வழியாப் போய் பொண்ணையும் வீட்டம்மாவையும் ஏத்திக்கிட்டு நேரா எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.

ஏற மாட்டீங்களா? நான் ஏதாவது எழுதிக் கட்டிக் குடுத்தாத்தான் ஏறுவீங்களா? கீழ் வீட்டு செண்பகம்மா சொன்னாங்களாக்கும். "மேல் வீட்டு சாரைப் போய்ப் பாரு, என் பொண்ணு உசுரையே திருப்பிக் குடுத்தவரு, அவரு தலையை அசைச்சாப் போதும்"னு. சரி. பதினாலு நிமிஷம் இருக்கு. நான் இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததை உங்ககிட்ட சொல்லப் போறேன். சொல்லி முடிச்சா நீங்களே எந்திரிச்சு ஓடுவீங்க. எனக்குப் பயமா இருக்கு. பொறந்ததுல இருந்தே எனக்குப் பயம்தான், ஆனா இன்னிக்கு இருக்கற பயம் வேற மாதிரி.

எல்லாம் ஒரு தலையாட்டல்ல ஆரம்பிச்சுது.

ரெண்டு வருஷம் முன்னாடி இந்த மாடி போர்ஷனைக் கேட்டு வந்தேன். கீழ் வீட்டு தணிகாசலம் சார், செண்பகம்மா வீட்டுக்காரர், ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவர், அவர்தான் ஓனர், "ரூபனா? கிறிஸ்டியனா தம்பி?"ன்னு கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு சொல்லலை. நல்லாக் கவனிங்க, வாயால நான் சொல்லவே இல்லை. பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்க அம்மா என்னை வளத்தாங்க. பொய் சொல்றவன் இல்லைங்க நான். தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

நான் கிறிஸ்டியன் இல்லை. நான் யூதன்.

இருங்க, அந்த ஜன்னலைச் சாத்திட்டு வரேன்.

என்ன? அது என்ன ஜாதின்னு கேக்கறீங்களா?

ஜாதி இல்லைங்க. மதம். எப்படிச் சொல்றது... பைபிள் இருக்கில்ல, அதுல முன் பாதி எங்களோடது. மோசே, தாவீது ராஜா எல்லாம் எங்க ஆளுங்க. "அப்ப கிறிஸ்டியன்தானே"ங்கறீங்க. இல்லைங்க. அவங்க வேற, நாங்க வேற. சரி விடுங்க, புரியலைன்னா பரவாயில்லை. இந்த ஒரு வார்த்தையை வாயை விட்டு வெளிய வராம நான் எப்படியெல்லாம் காபந்து பண்ணி வச்சிருந்தேன். நீங்க எவர்சில்வர் கடையில பாத்திரத்தைத் தட்டிப் பாக்கற மாதிரி தட்டிப் பாத்துட்டு என்ன ஜாதிங்கறீங்க.

இந்த ஊர்ல நாங்க எத்தனை பேர்னு நினைக்கறீங்க? விரல் விட்டு எண்ணிடலாம். எங்க அப்பா எஸ்ரா, ஓட்டேரில பொறந்து வளந்தவர். அவங்க அப்பா காலத்துல கொச்சில இருந்து வந்த குடும்பம். அப்பா போனப்ப லாயிட்ஸ் ரோட்டுல எங்களுக்குன்னு இருக்கற சின்னக் கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணினோம். அங்க மகன் சொல்ல வேண்டிய ஒரு ஜெபம் இருக்கு. எங்க ஆம்பளைங்க பத்துப் பேர் சேந்து நின்னாத்தான் அதைச் சொல்லலாம், அப்படி ஒரு முறை. பாண்டிச்சேரி வரைக்கும் போன் போட்டும் ஏழு பேர்தான் சேந்தோம். அப்பாவோட ஹார்பர்ல வேலை பாத்தவங்க மூணு பேர், துண்டைத் தலையில போட்டுக்கிட்டு பக்கத்துல வந்து நின்னாங்க. கணக்குல வராது. ஆனா நின்னாங்க. அந்த ஜெபத்தை நான் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

அதுக்கப்புறம் அம்மா, அக்கா வீட்டோட தானேவுக்குப் போயிட்டாங்க. மும்பைப் பக்கம். அம்மா பொறந்த ஊரே அந்தப் பக்கம்தான். அங்க ஒரு நவம்பர் மாசம் துப்பாக்கியோட வந்தவங்க எங்க ஆளுங்க வீட்டுக்குள்ளயும் பூந்து சுட்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், டிவில பாத்திருப்பீங்க. அன்னில இருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமை ஆனாப் போன் வரும். "மெழுகுவத்தி ஏத்தினியா?" ஏத்தினேம்மா. "ஜன்னலைச் சாத்திட்டு ஏத்தினியா?" சாத்திட்டேம்மா. "யார்கிட்டயும் சொல்லலியே?" சொல்லலைம்மா. எங்க வீட்டுல சாமி கும்பிடறதே இப்படித்தான்.

நான் ஒண்ணும் பெரிய பக்தன் இல்லை. சனிக்கிழமை வேலை செய்யக் கூடாது, நான் ஆபீஸ் போறேன். இன்னிக்கு ரெண்டாம் சனி, அதான் வீட்டுல இருக்கேன். பன்னி சாப்பிட மாட்டேன், எறா சாப்பிட மாட்டேன். ஆபீஸ்ல எனக்கு எறா ஒத்துக்காது, அலர்ஜின்னு நினைச்சுக்கிட்டாங்க, நானும் தலையை ஆட்டினேன். கறியோட பால், தயிர் சேக்க மாட்டோம். அதுல பாருங்க, மட்டன் பிரியாணி வாங்கிக்கிட்டு தயிர்ப் பச்சடி வேணாங்கறவனை இந்த ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரியாத்தான் பாக்கறாங்க. புரட்டாசில ஒரு நாள் நாங்க தண்ணி கூடக் குடிக்காம விரதம் இருக்கணும். அன்னிக்கு எனக்கு வயித்து வலி. வருஷா வருஷம் அதே சமயத்துல வயித்து வலி வரும். மேனேஜர், "ரூபன், நல்ல டாக்டரா ஒருத்தரைப் பாருங்க"ன்னு விசிட்டிங் கார்டே குடுத்துட்டார். இதெல்லாம் போதாதுன்னு டிசம்பர் வந்தா நான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. ரெண்டு வருஷமா. ஆபீஸ்ல இருக்கற ஒரே கிறிஸ்டியன் நான்தானாம். அந்தப் பஞ்சு தாடிக்குள்ள எனக்கு எப்படி வேர்க்கும் தெரியுமா.

சிரிக்கறீங்க. சிரிங்க. பதினோரு நிமிஷம் இருக்கு.

எனக்கு இதுல சிரிப்பு வராது. மத்தியானம் சாப்பிடறப்ப கேன்டீன் டிவில தாவீது ராஜா ஊர்ப் பக்கத்துச் சண்டையைக் காட்டுவான். ஒருத்தர் எங்க ஆளுங்களைப் பாத்து "அவனுங்க மூளைக்காரனுங்கப்பா"ம்பார். இன்னொருத்தர் திட்டுவார். புகழறவரைப் பாத்தாலும் எனக்குப் பயம், திட்டறவரைப் பாத்தாலும் பயம். தலையைக் குனிஞ்சு சாம்பாரையே பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு அந்த ஊரு தெரியாது, பாஷை தெரியாது, ஓட்டேரியைத் தாண்டி ஒண்ணும் தெரியாது. ஆனா அந்த அரை மணி நேரமும் எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கும்.

முக்கியமா ஜாகிர். எனக்குப் பக்கத்து சீட்டு. நல்லாத்தான் பழகுவான். அதுதான் எனக்குச் சந்தேகம். போன ரம்ஜானுக்கு எல்லாருக்கும் பிரியாணி கொண்டு வந்தான். எல்லார் டப்பாவுலயும் ஓரமா ஒரு கிண்ணத்துல தயிர்ப் பச்சடி. என் டப்பாவுல மட்டும் இல்லை. அதுக்குப் பதிலா எலுமிச்சை பிழிஞ்ச வெங்காயம். தனியா, என் பேர் எழுதி. எனக்கு ஒரு வாய் உள்ள இறங்கலை. இவனுக்கு எப்படித் தெரியும்? எதுக்காக என்னைக் கவனிக்கறான்? ஒருத்தன் என்ன சாப்பிடறான், என்ன சாப்பிடலைன்னு வேலை மெனக்கெட்டுப் பாக்கறவன் சும்மாவா பாப்பான்? அவன் அப்படிப் பண்ணினதுக்கு என்ன காரணம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த டப்பா. உள்ள வரும்போது பாத்தீங்களே, வலது பக்க நிலையில, தோள் உயரத்துல. பாக்காம எங்க, பாத்துட்டுத்தான் குனிஞ்சு ஒதுங்கி வந்தீங்க. அதுக்கு மெசூசான்னு பேரு. பித்தளைக் கூடு. உள்ள ஒரு தோல் சுருள் இருக்கும், அதுல எங்க ஜெபம் எழுதியிருக்கும். கடவுள் ஒருத்தர்தான், அவர் மேல அன்பா இரு, இதை உன் வாசல்ல எழுதி வைன்னு. அதனால வாசல்ல வைக்கறோம். அவ்வளவுதான் விஷயம். எங்க அப்பா ஓட்டேரி வீட்டு வாசல்ல வச்சிருந்தது. அதுக்கு முன்னாடி அவங்க அப்பா. வீட்டைக் காலி பண்ணினப்ப நான் கழட்டி எடுத்துட்டு வந்தேன். வெளிய போறப்பவும் உள்ள வரப்பவும் விரலால அதைத் தொட்டு, விரலை உதட்டுல வச்சுப்போம். அப்பா செஞ்சார், நான் செய்யறேன். இது ஒண்ணை மட்டும் என்னால மறைக்க முடியலை. கை தானாப் போயிடும்.

மேல மூணு கொம்பு போட்ட மாதிரி ஒரு எழுத்து இருக்கு. எங்க எழுத்து. பாக்கறவங்களுக்கு சூலம் மாதிரியும் இருக்கும், சூலம் இல்லாத மாதிரியும் இருக்கும். செண்பகம்மா என்ன நினைச்சிருப்பாங்க? மேல் வீட்டுப் பையன், கிறிஸ்டியன்னு சொன்னான், ஒரு நாளும் சர்ச்சுக்குப் போகலை. வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்ப ஜன்னலைச் சாத்திக்கிட்டு மெழுகுவத்தி ஏத்தறான். வாசல்ல ஒரு டப்பாவை அறைஞ்சு வச்சிருக்கான், போகும்போதும் வரும்போதும் தொட்டு முணுமுணுக்கறான். இப்ப உங்ககிட்ட வரிசையாச் சொல்றப்ப எனக்கே உடம்பு சிலிர்க்குது. ஆனா அப்ப எனக்கு இது ஒண்ணும் தோணலைங்க. என்னை யார் என்ன பண்ணிடுவாங்கன்னுதான் யோசிச்சேனே தவிர, என்னைப் பாத்து ஒருத்தர் பயப்பட முடியும்னு கனவுல கூட நினைக்கலை.

எட்டு நிமிஷம். வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டுடுங்களேன், பாப்பாவுக்கு ஒரு சட்டையும் போர்வையும் எடுத்து வைக்கச் சொல்லி. அப்புறமா? சரி, சரி. முறைக்காதீங்க. சொல்றேன்.

இந்த வருஷம் சித்திரையில அவங்க பொண்ணு சுகன்யா வளைகாப்பு முடிஞ்சு இங்க வந்தா. முன்னாடி ரெண்டு தடவை கரு தங்காமப் போச்சாம். அது எனக்குத் தெரியாது. பொண்ணு வந்த மூணாம் நாள் நான் ஆபீஸ் விட்டு வந்து டப்பாவைத் தொடறேன், விரலுக்கு என்னமோ வித்தியாசமாப் படுது. பாத்தா, தலைகீழா இருக்கு. மூணு கொம்பும் கீழ பாத்து நிக்குது. ஸ்க்ரூ புதுசாத் திருகின மாதிரி பளபளன்னு இருக்கு. ஓரத்துல மஞ்சள் அப்பியிருக்கு. யாரோ கழட்டியிருக்காங்க, திருப்பி மாட்டத் தெரியாம மாட்டியிருக்காங்க.

உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டுக் கட்டில் மேல உக்காந்துட்டேன். தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். யாருக்கோ தெரிஞ்சு போச்சு, "எங்களுக்குத் தெரியும்டா"ன்னு சொல்றதுக்குத்தான் தலைகீழாத் திருப்பி வச்சிருக்காங்க. திறந்து உள்ள பாக்கக்கூடத் தைரியம் வரலை. நேரா வைக்கவும் தைரியம் வரலை, நேரா வச்சா நான் கவனிச்சுட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமே. அடுத்த வாரம் வாசப்படில குங்குமம் தடவின எலுமிச்சம்பழம். எனக்கு எலுமிச்சம்பழம் தெரியாதா, ஓட்டேரில வளந்தவன் நான். ஆனா புத்தி அந்தப் பக்கம் போகலை. ஜாகிர்தான்னு நினைச்சேன். அவன் ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தான், எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப இளநீரும் கரும்புச் சாறும் வாங்கிக்கிட்டு. வாசல்ல நின்னு டப்பாவையே பாத்தான். "என்னடா இது?"ன்னான். பழைய காலிங் பெல்லுன்னு... சொல்லலை. அவனா "பழைய காலிங் பெல்லா?"ன்னு கேட்டான், தலையை ஆட்டினேன். நான் டம்ளர் எடுக்கப் போனப்ப அவன் கைக்குட்டையால அதைத் துடைச்சுக்கிட்டு நின்னான். எதுக்குத் துடைக்கணும்? டப்பா தலைகீழான அன்னில இருந்து அவன்கூடப் பேசறதே இல்லை நான். அவனும் விடாம தினமும் டீ வாங்கி என் மேசையில வச்சுட்டுப் போவான். நான் குடிக்கறதில்லை. அவன் முதுகைத் திருப்பினதும் வாஷ்பேசின்ல ஊத்திடுவேன்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் அஞ்சரை மணி இருக்கும். கதவைத் தட்டற சத்தம். நான் மூச்சு விடாம உள்ள நின்னேன். திரும்பவும் தட்டறாங்க. இடுக்கு வழியாப் பாத்தா தணிகாசலம் சார். திறந்தேன். எழுபது வயசு மனுஷன், என் கால்ல விழ வந்தார்.

"தம்பி, நாங்க உங்களுக்கு என்ன தம்பி கெடுதல் பண்ணினோம்? தண்ணி விடறதுல குறை வச்சோமா? அன்னிக்கு மொட்டை மாடில துணி காயப் போட வேணாம்னு அவ சொன்னாளே, அதை மனசுல வச்சிருக்கீங்களா? வச்சதை எடுத்துடுங்க தம்பி. சுகன்யாவை ஆஸ்பத்திரில உள்ள கொண்டு போயிட்டாங்க. குழந்தைக்குத் துடிப்பு இறங்குதுங்கறாங்க. ரெண்டு போயிடுச்சு. இதுவும் போச்சுன்னா எம் பொண்ணு தாங்க மாட்டா."

அப்பத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது. நான் வாசலைப் பாத்துப் பயந்த அத்தனை நாளும் அவங்க மாடியைப் பாத்துப் பயந்திருக்காங்க.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஐயா, அது செய்வினை இல்லை, எங்க ஜெபம்"னு சொல்லியிருக்கணும். ஒரு வரி. ஆனா அதைச் சொன்னா அவர் அடுத்து என்ன கேப்பார்? எந்த ஜெபம், உங்களுது என்ன மதம்பார். அந்தக் கேள்வி வந்துடுமேன்னு பயம். கீழ ஒரு உசுரு போராடிக்கிட்டு இருக்கு, என் கவலை எனக்கு. கடைசில அவரே கேட்டார், "எடுத்துடறீங்களா தம்பி?"ன்னு. நான் தலையை ஆட்டினேன்.

பாத்தீங்களா, என் யோக்கியதையை? சூனியக்காரன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்லை, அந்த ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாதுன்னு நினைச்சவன் நான். இதை நினைச்சா எனக்கு வெக்கமா இருக்கு. அதுக்கப்புறம் அவர் கண்ணு முன்னாடி அந்த டப்பா மேல கை வச்சுக்கிட்டு, எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச முதல் வரியைச் சொன்னேன். அவ்வளவுதான் தெரியும் எனக்கு. நாலு தடவை, அஞ்சு தடவை சொன்னேன். அழுகையும் வந்துடுச்சு. அவர் கை கூப்பிக்கிட்டு நின்னார். ஏழு மணிக்குப் போன் வந்துது. ஆம்பளைக் குழந்தை, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கன்னு.

"பாருங்க, பலிச்சுதே"ங்கறீங்க. இதுக்குத்தான் நான் பயந்தேன். பலிக்கலைங்க! அங்க ஒரு டாக்டரம்மா வயித்தைக் கிழிச்சுக் குழந்தையை எடுத்தாங்க. சிசேரியன். அந்தம்மா பேரு என்னன்னு கேளுங்க, கீழ் வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. மாடில நின்னு முணுமுணுத்தவன் பேரு இந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

மிச்சத்தையும் கேளுங்க, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. பேர் வைக்கற அன்னிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. வெத்தலை பாக்கு, முதல் மரியாதை எல்லாம். குழந்தை தொட்டில்ல படுத்திருக்கு. இடுப்புல கறுப்புக் கயிறு, கயித்துல வெள்ளித் தாயத்து, குழாய் மாதிரி. செண்பகம்மா என் காதுகிட்ட வந்து, "மன்னிச்சிடுங்க தம்பி. அன்னிக்கு நான்தான் பயத்துல அந்த டப்பாவைக் கழட்டி உள்ள இருந்ததை எடுத்துட்டேன். வியாசர்பாடில குறி சொல்றவர்கிட்டக் காட்டினேன். எரிச்சுடாதே, வச்சவனே மாத்தணும்னார். நீங்கதான் மாத்திட்டீங்களே. இனிமே அது காவல்தானாம். மடிச்சு உள்ள வச்சு அடைச்சுட்டோம்"னாங்க.

எங்க அப்பா வாசல்ல இருந்த சுருள். எங்க தாத்தா வாசல்ல இருந்தது. அந்தக் குழந்தை இடுப்புல இருக்கு.

கேட்டு வாங்கியிருக்கலாம். எங்களுதும்மா, குடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கலாம். அந்தம்மா முகத்துல அன்னிக்குத்தான் பயம் இல்லாம இருந்துது. நான் பாத்த வரைக்கும் முதல் தடவையா. நான் தலையை ஆட்டினேன். மேல வந்து டப்பாவைக் கழட்டிப் பாத்தேன், காலி. அப்ப அன்னிக்கு நான் கை வச்சு அழுதது காலி டப்பாமேல. நேரா வச்சுத் திருப்பி மாட்டினேன். மூணு மாசமா தினமும் காலி டப்பாவைத்தான் தொட்டு முத்தம் குடுத்துட்டு ஆபீஸ் போறேன். அம்மா போன்ல, "வாசல்ல மெசூசா இருக்கில்ல?"ன்னு கேப்பாங்க. இருக்கும்மா. போன்ல தலையை ஆட்டினாத் தெரியாதே, வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருக்கு.

இதோட நின்னிருந்தாப் பரவாயில்லை. ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. எருமை காணோம்னு ஒருத்தர், புருஷன் பேசறதில்லைன்னு ஒருத்தி. எல்லாருக்கும் தலையை ஆட்டி அனுப்பினேன். போன மாசம் ஒரு பெரியவர் வந்தார். பால் பூத்துக்குப் பின்னாடி சந்துல வீடு. மார்ல வலி, நாலு நாளா, யாரோ ஏவிட்டாங்கன்னார். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. சொன்னா, "அப்ப உங்களால ஆகாதா?"ன்னு கேப்பார், பேச்சு வளரும், நீ யாருன்னு வந்து நிக்கும். "சரியாயிடுமா சாமி?"ன்னு கேட்டார். தலையை ஆட்டினேன். சந்தோஷமா, கைப்பிடியைக் கூடப் பிடிக்காம படியில இறங்கிப் போனார். நான் அதுக்கப்புறம் அந்தச் சந்துப் பக்கம் போகலை. பஸ் ஸ்டாப்புக்குச் சுத்திக்கிட்டுப் போறேன். உங்களுக்கு அவரைத் தெரியுமா? அந்தச் சந்துக்கும் நீங்கதானே கேன் போடறீங்க?

வேணாம். சொல்லாதீங்க. ஏன் தலையைக் குனியறீங்க? வேணாங்க, சொல்ல வேணாம்.

ரெண்டு நிமிஷம் காட்டுது.

தேசிங்கு, இங்க பாருங்க. நான் தலையை ஆட்ட மாட்டேன். இந்தத் தடவை ஆட்ட மாட்டேன். நீங்க எத்தனை தடவை கேட்டாலும் சரி. உங்க பொண்ணு பேரு என்ன? கனிஷ்காவா? எத்தனை வயசு? அஞ்சு. கனிஷ்காவுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான் கஸ்டம்ஸ் பேப்பர் போடறவன். டாக்டரால முடியும். நேத்து சாயங்காலமே முடிஞ்சிருக்கும். எனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. நான் யாருன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு இந்தத் தெரு முழுக்கத் தெரியும், தெரியட்டும். அதை விட, நீங்க அந்தப் பெரியவர் மாதிரி சந்தோஷமாப் படியிறங்கிப் போயிடுவீங்களோன்னுதான் எனக்குப் பயம்.

நம்ப மாட்டேங்கறீங்களா? இருங்க, ஸ்க்ரூ டிரைவர் எங்க... வாங்க இப்படி. கிட்ட வாங்க, கடிக்காது. இதோ ஒரு ஸ்க்ரூ. இதோ இன்னொண்ணு. கையை நீட்டுங்க. பாருங்க. உள்ள பாருங்க. விரலை விட்டுப் பாருங்க. காலி. என்ன இருக்கு? தூசி. இதுக்காகவா புள்ளையை வீட்டுல போட்டுட்டு வந்தீங்க?

ஏன் கையை மூடிக்கறீங்க?

காலி டப்பாவையாவது குடுங்கங்கறீங்களா? என்னங்க நீங்க... இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? அது எங்க அப்பாவோடது. அழாதீங்க. ஆம்பளை இப்படி அழுதா நான் என்ன பண்றது? சரி. சரிங்க. வச்சுக்குங்க. மருந்துன்னு இல்லை. பலிக்கும்னு இல்லை. கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு இருந்தாத்தான் உங்களால ஆட்டோவுல ஏற முடியும்னா, பிடிச்சுக்குங்க. ஆனா பொண்ணை பெட்ல சேத்ததுக்கு அப்புறம் எனக்கு அது திரும்ப வேணும். இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுட்டேன், கேட்டீங்களா?

போன் அடிக்குது. ஆட்டோக்காரர்தான். "வாசல்ல நில்லுங்கண்ணே, ரெண்டு பேர் வரோம்." ஆமாங்க, நானும்தான் வரேன். உங்களைத் தனியா அனுப்பினா வழியில கோயில் கோயிலா நிறுத்துவீங்க. வீட்டம்மாவுக்கு இப்பவாவது போன் போடுங்க. போடுங்க. போர்வை, சட்டை, டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு, மூணையும் எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கச் சொல்லுங்க.

கீழ செண்பகம்மா நிப்பாங்க. ஸ்க்ரூ டிரைவர் சத்தம் கேட்டிருக்கும். டப்பா உங்க கையில இருக்கறதைப் பாப்பாங்க. கேப்பாங்க. கேட்டா நான்தான் சொல்லணும், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. நானே சொல்றேன். இன்னிக்கு இல்லை, ஆஸ்பத்திரில இருந்து வந்ததும். வந்ததும் சொல்றேன். ஜாகிருக்கும் ஒரு போன் போடணும், அவன் மச்சான் எழும்பூர்ல குழந்தைங்க ஆஸ்பத்திரிலதான் இருக்கான், லேப்ல. பேசி அஞ்சு மாசம் ஆச்சு, அவன் இல்லைன்னு தெரிஞ்சப்புறமும் வெக்கத்துல பேசலை, எடுப்பானோ மாட்டானோ. எடுப்பான். எதுக்குத்தான் எடுப்பானோ, எடுப்பான்.

போலாம், வாங்க. கதவைப் பூட்டிட்டேன்.

ஐயோ, பாருங்க, கை தானா அங்க போயிடுச்சு. டப்பா இல்லை, ஸ்க்ரூ ஓட்டை ரெண்டுதான் இருக்கு. பழக்கம்.

நீங்க ஏன் தொடறீங்க? அங்க ஒண்ணுமே இல்லை, தேசிங்கு.

சரி, தொடுங்க. தொட்டுட்டு விரலை உதட்டுல வைக்கணும். ஆங், அப்படித்தான். சீக்கிரம் இறங்குங்க, புள்ளை காத்துக்கிட்டு இருக்கும்.